எழுதிக் கேட்டீர்களா?

"மேனேஜர் ஒத்துக்க மாட்டாருக்கா."

போன வாரம் ஒரு திருமண விருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த சொந்தக்காரப் பெண் இப்படிச் சொன்னாள். ஒரு வயதுக் குழந்தையை ஆறு மணிக்குள் நர்சரியிலிருந்து அழைத்து வர வேண்டும். வேலை முடிவதே ஆறு மணிக்குத்தான். "எழுதிக் கேட்டியா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினாள்.

அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மதியம் அம்மா கிராப்பில் அழைத்துப் போய் விட்டு வருவார். மாலை ஐந்தரைக்கு முடியும். வீட்டுக்குக் கூட்டி வருவது என் பொறுப்பு. ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினாலும், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர ஏழாகிவிடும். அதுவரை சோர்ந்த உடம்போடு அப்பா நாற்காலியில் காத்திருப்பார். ஒரு நாள் என்னைப் பார்த்ததும் எழுந்தவர், தலை சுற்றி அப்படியே சரிந்துவிட்டார்.

அதற்கு முன்பே மேலாளரிடம் கேட்டிருந்தேன். காப்பி கலக்கிக்கொண்டே, பாதிச் சிரிப்போடு கேட்டேன். "எல்லாருக்கும்தான் வீட்டில் பிரச்சினை" என்று அவரும் சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

அப்பா விழுந்த மறுநாள், உடன் வேலை செய்யும் மலாய்த் தோழி ஒருவர்தான் விவரம் சொன்னார். 1.1.2023 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தங்களில் பலருக்கும் தெரிந்தவை வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனதும், பிரசவ விடுப்பு 98 நாள் ஆனதும்தான். அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வேலை நேரத்தையோ, வேலை நாளையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் சிரித்துக் கடந்துபோக முடியாது.

இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். மூன்று நாளும் ஒன்பதுக்குப் பதிலாக எட்டுக்கே வந்து, ஐந்துக்குக் கிளம்புகிறேன். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் வரும் வேலையை யார் பார்ப்பார்கள் என்பதையும் எழுதினேன். அனுப்பும்போது விரல் நடுங்கியது. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு நாளுக்கு அனுமதி. வெள்ளிக்கிழமை வாராந்திரக் கணக்கு முடிப்பதால் அன்று முடியாது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது? அப்போதுதான் உறைத்தது, அண்ணனிடம் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பது. "மகள்தானே பார்ப்பாள்" என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம், என்னையும் சேர்த்து. கேட்டதும் அண்ணன் ஒப்புக்கொண்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அப்பா அவரோடு காரில் பந்து விளையாட்டுக் கதை பேசிக்கொண்டே வருகிறார்.

நீங்கள் கேட்பதாக இருந்தால், என்ன மாற்றம் வேண்டும், எந்தெந்த நாள், வேலை எப்படித் தடைபடாமல் நடக்கும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நகலும் தேதியும் கையில் இருக்கட்டும். 60 நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

விருந்தில் இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லி முடித்தேன். எதிரே அவள் கணவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்களும் உங்க ஆபீஸ்ல கேட்கலாம் தம்பி. சட்டம் அம்மாவுக்கு மட்டும்னு சொல்லலையே" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மனைவியைப் பார்த்தார்.