நீட் போனால்தான் பிஎஸ்சியா?

"நீட்டில் மார்க் போதவில்லை, சரி, பிஎஸ்சி விலங்கியலில் சேர்த்துவிடுவோம்" என்று கடைசி நேரத்தில் முடிவெடுக்கும் பெற்றோரைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. வேறு வழியில்லாமல் படிக்கும் படிப்பல்ல உயிரியல். பிளஸ் ஒன்னிலேயே யோசிக்க வேண்டும். குறிப்பாக, கணிதத்தைக் கைவிடவே கூடாது. அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வில் 60 கேள்விகளில் 15 கணிதம். மரபணு வரிசைகளை அலசப் புள்ளியியலும் கொஞ்சம் கம்ப்யூட்டர் நிரலும் தெரிந்தாக வேண்டும். கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் நேராக ஆய்வகத்துக்குள் போங்கள். வெங்காய வேர்நுனிக்கு அசிட்டோகார்மைன் சாயமேற்றி, ஸ்லைடில் வைத்து நசுக்கி, குரோமோசோம்கள் பிரிவதை ஒவ்வொருவரும் தாமே பார்க்கிறார்களா, இல்லை ஒரே நுண்ணோக்கி முன் வரிசையில் நிற்கிறார்களா என்று மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பட்டத்தின் பெயரில் பயோடெக் இருக்கிறதா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.