வாதமிடுவோரும் வேண்டும்

இங்கிலாந்து முதியோர் தம் வட்டாரத்துப் பழைய ‘பப்’ என்னும் மதுச்சாலைகளை நினைவுகூரும்பொழுது, பருகிய மதுவினும் கூடிய மனிதரையே மிகுதியாகப் பேசுவர். நாள்தோறும் ஒரே நாற்காலியைப் பிடிப்பவர், ஆட்டத்தில் தோற்றுச் சண்டையிடுபவர், கடையடைப்பு மணி அடித்த பின்னும் வாதத்தை விடாதவர் என அவ்வாடிக்கையாளர் பல வகையினர். அவர்கள் மதுவுக்காக வருமளவு பேச்சுக்காகவும் வருவதை எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஒரு கட்டுரையில் குறித்துள்ளார்.

அந்நாட்டின் கம்பிரியாப் பகுதியில், ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் சிற்றூரின் ‘ஓல்ட் கிரவுன்’ மதுச்சாலை விற்பனைக்கு வந்தது. அதன் இயல்பு மாறிவிடுமோ என அஞ்சிய மக்கள் கூட்டுறவு முறையில் பங்கு சேர்த்து, 2003-இல் அதனை வாங்கினர். அதன் பின்புறத்துப் பீர் ஆலையை 1999-இலேயே கூட்டுறவாக்கியிருந்தனர்.

மதுவைப் போற்றுவது நம் கருத்தன்று. குடியால் நலிந்த நெசவாளர் இல்லங்களை நாம் அறிவோம். ஆயினும், உரத்து வாதிடும் உரிமை உள்ள இடத்தையே மக்கள் தமதெனக் கருதிக் காக்கின்றனர் என்பது தெளிவு. பொதுப்பேரவையில் கணக்குக் கேட்டுக் குரலுயர்த்தும் அங்கத்தினரைத் தொல்லையென ஒதுக்கும் நிர்வாகிகள் இதனைச் சிந்திப்பாராக. ஓசையற்ற பேரவையைக் கண்டே நாம் அஞ்சுதல் வேண்டும்.