பெட்டியின் மேல் பழி

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவர், மேட்டுப்பாளையத்திலிருந்து தம் பழைய காரில் என்னை மலைக்கு அழைத்துப் போனார். வழியில், காரோடு வந்த பாட்டுப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புது ஆம்ப்ளிஃபயரும் டிக்கியை அடைத்துக்கொள்ளும் பெரிய ஊஃபரும் வைக்கப் போவதாகச் சொன்னார்.

"கம்பெனி போட்டுக் கொடுத்த செட், சார். தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது."

எனக்குச் சங்கீத ஞானம் அதிகம் கிடையாது. ஆனாலும் ஒரு வாயில்லாப் பெட்டியின் மேல் (அதை வாயில்லாப் பெட்டி என்பதும் தப்புத்தான்) வீண் பழி விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அந்தப் பெட்டிக்கு அவர் ஊட்டியது என்ன? கடைத்தெருவில் பதிந்து வாங்கிய ஒரு சி.டி. கைபேசிக் காலத்தில் சி.டி.யா என்று சிரிக்காதீர்கள். வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்துபோகிற மலை இது. அந்தத் தட்டில் 150 பாட்டு! 1982இல் சோனியும் பிலிப்ஸும் விற்பனைக்குக் கொண்டுவந்த இசைத்தட்டு, ஒரு விநாடி ஒலியை 44,100 முறை அளந்து வைக்கிறது. அந்த முறையில் பதிந்தால் 80 நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது. பதினைந்து, பதினாறு பாட்டு, அவ்வளவுதான். பிறகு 150 எப்படி நுழைந்தது? விநாடிக்கு 1,411 கிலோபிட் இருந்த இடத்தில் 128 மட்டும் வைத்துக்கொண்டு, பாக்கியெல்லாம் காதுக்குத் தெரியாது என்று எம்.பி.3 கணக்குப் போட்டுக் கழித்துவிட்டது. கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. ஜால்ராவின் கிணுகிணுப்பு தண்ணீர்ச் சலசலப்பாகிறது; வீணைத் தந்தியை மீட்டும் முதல் கணத்துக் கூர்மை மழுங்குகிறது. போதாக்குறைக்கு எல்லாப் பாட்டும் ஒரே உரப்பில் கேட்கட்டும் என்று கடைக்காரர் சத்தத்தையும் தூக்கிவிட்டிருந்தார். எல்லை மீறிய ஒலியலையின் தலை வெட்டுப்பட்டால் கரகரக்காமல் என்ன செய்யும்?

"அதையே ஆடியோ சி.டி.யாக மாற்றியும் தருகிறார்கள், சார்."

தருவார்கள். தேயிலைத் தோட்டக்காரருக்கு நானா சொல்ல வேண்டும்? ஒருமுறை வடித்த தூளைப் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் டீ ஆகிவிடுமா?

ஊஃபர் விஷயம் இன்னும் வேடிக்கை. பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது எஞ்சினே உறுமித் தள்ளுகிறது. அதோடு போட்டி போட இன்னோர் உறுமலைக் காசு கொடுத்து வாங்குவானேன்? கதவுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரிடம் இடி முழக்கம் கேட்டு பாஸைத் திருகுகிறோம். அது திணறினால் மட்டமான சரக்கு என்கிறோம். பாஸையும் ட்ரெபிளையும் நடுவில் நிறுத்திப் பாருங்கள். அசல் தட்டிலிருந்து எதையும் குறைக்காமல் பிரதி எடுத்து, பறக்கிற வேகத்தில் பதியாமல் நடுத்தர வேகத்தில் பதியுங்கள். பதிந்த தட்டு சாயத்தில் எழுதியது. அச்சடித்த தட்டைவிட மங்கலாகத்தான் ஒளியைத் திருப்பும். அதை வெயிலில் போட்டு வைப்பதும் மேலே காகிதம் ஒட்டுவதும் நாம் செய்கிற கைங்கரியம்.

எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம்? பின் ஸீட்டில் நண்பரின் பெண் இருந்தாள். 10 வயது. வீணை கற்றுக்கொள்ள ஆசை. தோட்டத்தில் வாத்தியார் ஏது? அவள் கேட்ட வீணையெல்லாம் அந்த 150க்குள் இருந்ததுதான்.

ஒரு திருப்பத்தில் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். என் பையிலிருந்த சிட்டிபாபுவின் அசல் தட்டை அதே பெட்டியில் போட்டோம். அவர்கள் தட்டிலும் இருந்த அதே கீர்த்தனைதான்.

"அப்பா, இது வேற வீணையா?" என்றாள் அவள்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. குன்னூர் நெருங்கும்போதுதான், "ஊஃபருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேனே, சார்" என்றார்.