கடலில் சிந்திய குருதியும் நாடுகளின் சட்டமும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து சென்றால் கொல்லம். அதனை அடுத்து நீண்டகரைத் துறைமுகம். குற்றாலத்தில் சாரல் வீசும் நாட்களில் அங்கே விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மலைக்கு இப்பால் நமக்கு மகிழ்ச்சி தரும் மழைக்காலம் அப்பால் உள்ளோர்க்கு வருவாயற்ற காலம்.

அத்துறையிலிருந்து சென்ற படகொன்றின் மீது 2012 பிப்ரவரி 15 அன்று துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் கொல்லத்தவர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர். சுட்டோர், 'என்ரிகா லெக்சி' எனும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர் இருவர். கடற்கொள்ளையர் என எண்ணிச் சுட்டதாக அவர்கள் தரப்பு கூறிற்று. வலை வீசும் ஏழைகளைக் கொள்ளையராகக் கண்ட கண்களை என்னென்பது!

நிகழ்ந்த இடமோ கரையிலிருந்து 20.5 கடல் மைல். ஒரு நாட்டின் ஆட்சிக் கடல் 12 கடல் மைலோடு முடிகின்றது. ஆகவே, விசாரிக்கும் உரிமை யாருக்கு என்பதே முதல் வழக்காயிற்று. கேரளத்திற்கு அதிகாரமில்லை, மத்திய அரசே தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015இல் இத்தாலி, ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின்படி நடுவர் மன்றத்தை நாடியது. ஐவர் கொண்ட அம்மன்றத்தின் தீர்ப்பு 2020 ஜூலையில் வெளியாயிற்று. அரசின் பணியில் இருந்தமையால் வீரர்களை இந்தியா தண்டிக்க இயலாது என மூவர் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமும் நின்றனர். ஆயினும் இந்தியப் படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது என்றும், இழப்பீடு தரவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

இங்கே நமது ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோர்க்கு அன்னிசா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் நினைவுக்கு வராமலிராது. தவறுதலாகக் கொல்லப்பட்டவர் உடன்படிக்கை செய்துகொண்ட வேற்றுச் சமூகத்தவராயினும் அவர் குடும்பத்தாரிடம் 'தியத்' எனும் உயிரீட்டுத் தொகை ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. உடன்படிக்கையுள்ள பிற சமயத்தவரின் தியத்தும் முஸ்லிமின் தியத்துக்குச் சமமே என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் முடிவு. அத்தொகையை விட்டுக்கொடுக்கும் உரிமையும் குடும்பத்தாருக்கே உண்டு, ஆட்சியாளருக்கு அன்று.

நம் உச்ச நீதிமன்றமும் அவ்வழியே நின்றது எனலாம். வழக்கை முடிக்குமாறு மத்திய அரசு வேண்டியபோது, குடும்பத்தாரைக் கேளாமல், தொகை வந்து சேராமல் முடிப்பதற்கில்லை என்றது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்டு, குடும்பத்தார் இசைந்த பின்னரே 2021 ஜூன் 15 அன்று வழக்கு முடிந்தது. குடும்பத்துக்கு 4 கோடி வீதம். படகுக்காரருக்கு 2 கோடி.

எனினும் தியத் என்பது தவறுதலான கொலைக்கு உரியது. இது தவறுதலா, வேண்டுமென்றே செய்ததா என்பதை எந்த நீதிமன்றமும் சாட்சிகளை நிறுத்தி விசாரித்து முடிவு கூறவில்லை. அங்கே விசாரிப்பதாக ஏற்றுக்கொண்ட இத்தாலியிலும் 2022இல் ரோம் நகர நீதிபதி வழக்கை முடித்து வைத்தார். இக்குறையை இழப்பீட்டுத் தொகை ஈடு செய்யுமா? செய்யாது என்பதே அடியேனின் எண்ணம். ஆனால் ஒன்று: இரு அரசுகளும் கப்பல்களை ஏவாமல் வழக்குரைஞர்களை அனுப்பின. அதுவும் சிறிதன்று.

அதே படகில் உயிர் தப்பியோரை முதலில் எவரும் கணக்கில் கொள்ளவில்லை. அவர்களும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். படகுக்காரருக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து அவர்களுக்கும் பங்கு தருமாறு 2022 நவம்பரில் ஆணை பிறந்தது.