புறாத்தீவுக்கு ரெண்டு பஸ் வேண்டாம்

 

நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டுப் பிறகு ஏசுங்கள்.

ஒரு கிழமையாக எங்கட வட்டார வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றித்தான் கதை. ஓகஸ்ட் விடுமுறையில் ரெண்டு பஸ் பிடித்து நூறு பிள்ளைகளைத் திருகோணமலைக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள். கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, கடைசியாக நிலாவெளியில் இருந்து புறாத்தீவு. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்றபடியால் தீவுப் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோணேஸ்வரத்துக்கு நூறு பேர் போகலாம், கன்னியாவுக்கும் போகலாம். புறாத்தீவில் ஒரே காலையில் நூறு பிள்ளைகளை இறக்குவதற்கு நான் வரமாட்டேன்.

அதற்கு மூன்று விதமான பேச்சு வந்தது.

“சேருக்குப் பொறுப்பெடுக்கப் பயம்.”

“வசதியான பிள்ளையள் பத்துப் பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போகப் பாக்கிறார்.”

“இணுவிலுக்கு வந்து நாலு வருசம். அதுக்குள்ள எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்.”

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தீவு எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிலாவெளிக் கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். பெரிய தீவின் நீளம் கிட்டத்தட்ட 200 மீற்றர், அகலம் 100 மீற்றர். ரெண்டு உதைபந்தாட்ட மைதானம் அளவுதான். வெள்ளைக்காரன் காலத்தில் அதைச் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1963இல் சரணாலயம் ஆக்கினார்கள். 2003இல் தேசியப் பூங்கா ஆனது. பாறை இடுக்குகளில் காட்டு மாடப்புறா கூடு கட்டுவதால்தான் அந்தப் பெயர். எங்கட கோயில் கோபுரத்திலும் பள்ளிவாசல் மினாராவிலும் குந்தியிருக்கிற புறாக்களின் மூதாதை இனம் அதுதான். அதை அதன் இயற்கையான பாறையில் பார்க்கக் கிடைக்கிற இடம் இலங்கையில் மிகக் குறைவு.

கரையோடு சேர்ந்த ஆழங்குறைந்த தண்ணீரில் முருகைக்கல் இருக்கிறது. கல் என்று சொல்லிச் சொல்லியே அதற்கு உயிர் இருப்பதை மறந்துவிட்டோம். ஒவ்வொரு முருகைக்கல்லும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பொலிப்புகள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. பொலிப்பின் உடம்புக்குள் நுண்ணிய அல்கா இருந்து, ஒளித்தொகுப்புச் செய்து, அதற்குச் சாப்பாடு கொடுக்கிறது. உருண்டையாக வளரும் வகைகள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் வயதுக்கு வளர்ந்த ஒரு முருகையைப் பார்க்க வேண்டுமென்றால், அது ஒரு அடிமட்டத்தின் பாதி நீளம்தான் இருக்கும். அதை முறிக்க ஒரு கால் போதும். ஒரு செக்கனும் போதும்.

யாருடைய கால் என்று கேட்கிறீர்களா? என் மாணவர்களின் கால்.

சில வருடங்களுக்கு முதல், வேறொரு பாடசாலையில் இருந்தபோது, நானும் இப்படி ஒரு ரூரில் போனேன். அப்போது எனக்கும் விளக்கம் இல்லை. இரவு முழுக்கப் பாட்டும் ஆட்டமும். விடிய நிலாவெளி. நித்திரைக் கண்ணோடு பிள்ளைகளைப் படகில் ஏற்றினோம். நீந்தத் தெரியுமா என்று ஒரு பிள்ளையிடமும் நாங்கள் கேட்கவில்லை. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் ஏழெட்டுத்தான் இருந்தன. இழுபறிப்பட்டு மாற்றி மாற்றிப் போட்டார்கள். மிதக்கத் தெரியாத பிள்ளை தண்ணீருக்குள் பயந்தால் என்ன செய்யும்? காலை ஊன்றி எழும்பி நிற்கும். எதன் மேல் நிற்கும்? காலுக்குக் கீழே இருப்பது முருகைதான். பிள்ளையின் பாதமும் கிழிந்தது, முருகையும் முறிந்தது. நாலு பிள்ளைகளுக்குக் காலில் இரத்தம். பாறையில் ஏறிக் கூச்சல் போட்டுப் படம் எடுத்தார்கள். புறாக்கள் எழும்பிப் போனவைதான், நாங்கள் நிற்கும்வரை திரும்பி வரவில்லை.

திரும்பி வரும்போது வவுனியா தாண்ட பஸ்ஸுக்குள் தாங்க முடியாத நாற்றம். ஒரு பெடியன் சொப்பிங் பைக்குள் முருகைத் துண்டு ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறான், சோக்கேசில் வைக்க. உயிரோடு இருந்தது செத்து மணக்கிறது. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் அது குற்றம். ஆனால் அந்தப் பெடியனை நான் ஏசவில்லை. போவதற்கு முதல் அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காத ஆசிரியன் நான்தானே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் தண்ணீரில் இறங்கவில்லை. நூறு பேர் கூட்டத்துக்கு நடுவில், அந்நிய ஆண்களுக்கு முன்னால், நனைந்த உடுப்போடு நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் இல்லை, எல்லாப் பிள்ளைகளும்தான். கரையில் இருந்து செருப்புக்கும் பைக்கும் காவல். “எல்லாப் பிள்ளைகளையும் புறாத்தீவுக்குக் கொண்டுபோனோம்” என்று பாடசாலை அறிக்கையில் எழுதினோம். அது பொய். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஆகவே, ஓம், எனக்குப் பயம்தான்.

இப்போது ஒரு படித்த நண்பர் கேட்ட கேள்வி. “சேர், உலகம் முழுக்கக் கடல் சூடாகி முருகைக்கல் சாகுது. எங்கட பிள்ளையள் நூறு பேர் மிதிக்கிறதாலயா அழியப்போகுது?”

நியாயமான கேள்வி. கடல் வழமையான உச்ச வெப்பத்தை விட ஒரு பாகை கூடி, சில கிழமைகள் அப்படியே நின்றால், பொலிப்பு தன்னுள் இருக்கிற அல்காவை வெளியே தள்ளிவிடும். முருகை வெள்ளையாகும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டியிலும் அதுதான் நடந்தது. 2016இலும் வந்தது. 2024இல் உலகம் முழுவதற்குமான நாலாவது பெரும் வெளிறலை அறிவித்தார்கள். அதை இணுவிலில் இருந்து நாங்கள் நிறுத்த முடியாது.

ஆனால் சூட்டில் வெளிறின முருகை முழுக்கச் செத்துவிடுவதில்லை. தண்ணீர் குளிர்ந்தால், தொந்தரவு இல்லாவிட்டால், திரும்பப் பிழைக்கலாம். காய்ச்சலில் கிடக்கிற ஆளை நாங்கள் பார்க்கப் போவது தப்பில்லை. நூறு பேராகப் போய் நெஞ்சில் ஏறி நிற்கலாமா? சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் வந்தபோது யாழ்ப்பாணமே கொதித்தது. எண்ணெய் கலந்தது எங்கட பிழை இல்லை. அதற்காக “எப்பிடியும் கெட்டுப்போச்சுத்தானே” என்று மிச்சக் கிணறுகளுக்குள் குப்பை கொட்டினோமா? இருக்கிற கிணற்றை இன்னும் கவனமாகக் காத்தோம். நாங்கள் குடிக்கிற இந்தத் தண்ணீர் தங்கியிருக்கிற சுண்ணாம்புக்கல்லே, ஒரு காலத்தில் முருகையும் சிப்பியும் வாழ்ந்த ஆழங்குறைந்த கடலில் உண்டானதுதான்.

கூட்டத்தால் ஒரு இடம் கெடும் என்பதற்கும், கூட்டம் குறைந்தால் தேறும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஹிக்கடுவையை 1979இலேயே கடற் சரணாலயம் ஆக்கினார்கள். 2002இல் தேசியப் பூங்கா என்றார்கள். ஆனால் கண்ணாடி அடித்தட்டுப் படகுகளும், தண்ணீர் வற்றும் நேரத்தில் முருகை மேல் நடக்கிற சனமும் குறையவில்லை. 1998இன் சூட்டோடு இதுவும் சேர்ந்தது. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் ஆமையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், முருகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

மறுபக்கம் தாய்லாந்தில் மாயா குடா. 2000இல் வந்த ‘த பீச்’ ஆங்கிலப் படத்தால் பேரெடுத்த இடம். ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை போனார்கள். 2018இல் அரசாங்கம் மூடிவிட்டது. திரும்பத் திறந்தது 2022 ஜனவரியில். இப்போது குடாவுக்குள் படகு விடுவதில்லை. ஒரு நேரத்தில் சில நூறு பேருக்குத்தான் அனுமதி. மூடியிருந்த காலத்தில் துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. அதே இனச் சுறாதான் புறாத்தீவைச் சுற்றியும் இருக்கிறது. மனிதரைத் துரத்தாத, கூச்சப்படுகிற மீன். நூறு பேர் தண்ணீரை அடித்தால் அதைக் காண மாட்டீர்கள். பத்துப் பேர் சத்தமில்லாமல் மிதந்தால் காண வாய்ப்பிருக்கிறது.

இனி ரெண்டாவது பேச்சு. வசதியான பிள்ளைகள் என்ற கதை. இதுதான் எனக்கு உண்மையில் சுட்டது. ஒரு அம்மா இரவு எட்டு மணிக்கு எடுத்துக் கேட்டா: “பத்துப் பேர் எண்டால் ஆர் போவினம் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே சேர்? டொக்டரின்ர பிள்ளை போகும். தோட்டக்காரன்ர பிள்ளை போகாது.”

அந்த அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை. எத்தனையோ விசயத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால் தெளிவாகச் சொல்கிறேன். நான் கேட்பது பத்துப் பேர் மட்டும் போகிற பயணம் அல்ல. பத்துப் பத்தாகப் பத்துத் தரம் போகிற பயணம். பட்டியல் குலுக்கல் முறையில். யாருடைய பிள்ளை என்று பார்க்காமல். நூறு பேர் ஒரே நாளில் போவதால் சமத்துவம் வந்துவிடாது. கூட்டத்தில் பலமானவன்தான் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு பார்க்கிறான். தோட்டக்காரரின் பிள்ளை காசு கட்டி, நித்திரை முழித்து, முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துவிட்டு வருகிறது.

“ஆளுக்குச் செலவு கூடும்.” கூடும், மறுக்கவில்லை. வானுக்கு ஆள் வீதம் பஸ்ஸை விடக் காசு அதிகம். ஆனால் போன ரூரில் எதற்கெல்லாம் செலவழித்தோம் என்று கணக்கைப் பாருங்கள். எல்லாருக்கும் ரீசேட். பஸ்ஸுக்குப் பனர். சவுண்ட் செற். வீடியோக்காரர். இதில் ஒன்றும் இல்லாவிட்டால் பிள்ளைக்கு என்ன நட்டம்? கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற இணுவில் உறவுகள் ஒவ்வொரு வருடமும் “என்ன வேணும் சேர்” என்று கேட்கிறார்கள். பஸ் காசு கேட்காமல் பத்து முகக்கண்ணாடியும் நாலு தொலைநோக்கியும் கேட்போம். அவை பாடசாலையிலேயே வருடக்கணக்காகக் கிடந்து உதவும்.

நிலாவெளிப் படகுக்காரரின் பிழைப்பையும் யோசித்தேன். ஒரே காலையில் நூறு பேரைக் கொண்டுவந்து குவித்தால் அவர்களும் அவசரத்தில் ஏற்றி இறக்குவார்கள், பிறகு சும்மா இருப்பார்கள். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கிற மே முதல் செப்ரெம்பர் வரை பிரித்துப் போனால் அவர்களுக்கும் உழைப்புப் பரவும். முருகை செத்துப்போனால் முதலில் படகை இழுத்துக் கரையில் கவிழ்க்கப்போவது அவர்கள்தான்.

மூன்றாவது பேச்சு. “வந்தவர்.”

உண்மைதான். நான் இணுவிலில் வாடகைக்கு இருப்பவன். உம்மாவும் வாப்பாவும் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவர்கள். 1990 ஒக்டோபரில், சில மணி நேரத்தில், கையில் கிடைத்ததோடு வெளியேற்றப்பட்டவர்கள். நான் பிறந்தது புத்தளத்தில் ஒரு முகாமில், வளர்ந்தது கற்பிட்டியில். அங்கே கடலுக்குள் பார் ரீஃப் என்று பெரிய முருகைத் திட்டு இருக்கிறது, 1992இல் சரணாலயம் ஆக்கிய இடம். என் மாமா கடலுக்குப் போகிறவர். 1998க்குப் பிறகு “கடல் வெள்ளையாப் போச்சு, மீன் வேற பக்கம் போயிட்டுது” என்று அவர் சொல்வதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இருந்த இடம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை மனிதரிலும் பார்த்தேன், மீனிலும் பார்த்தேன். அதனால்தான் இந்த விசயத்தில் என் வாய் சும்மா இருக்காது. இணுவில் எனக்கு வீடு தந்தது, பொங்கலுக்குப் பானையில் பங்கு தந்தது. அந்த உரிமையில்தான் உங்களோடு சண்டை பிடிக்கிறேன்.

நான் சொல்கிற ஒழுங்கு இதுதான்.

ஒன்று, தண்ணீரில் மிதக்கப் பழகாத பிள்ளை புறாத்தீவில் தண்ணீருக்குள் இறங்காது. காரைநகர் கசூரினாவில், காற்றுக் குறைந்த காலையில், இடுப்பளவு தண்ணீரில், மணல் மேல் பழக்குவோம். முகக்கண்ணாடி போட்டு மிதக்க அங்கேயே படிக்கட்டும்.

ரெண்டு, பெண்பிள்ளைகளுக்குத் தனி நாள், பெண் ஆசிரியையோடு. ஒரு ஆசிரியை சம்மதம் சொல்லிவிட்டா. ஒரு பிள்ளையும் செருப்புக்குக் காவல் இருக்காது.

மூன்று, பறவை பார்க்கப் பழகுவது இங்கேயே. மாரியில் அராலி, மண்டைதீவுப் பக்கக் கடல்நீரேரிக்குப் பூநாரை வருகிறது. சைக்கிளில் போகலாம். சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. வாய் மூடி, அசையாமல், அரை மணித்தியாலம் இருக்கப் பழகின பிள்ளைதான் புறாத்தீவுப் பாறையிலும் அப்படி இருக்கும்.

நாலு, அதன் பிறகு பத்துப் பத்தாகப் புறாத்தீவு. இந்த வருடம் எல்லாருக்கும் முடியாவிட்டால் மிச்சப் பேருக்கு அடுத்த வருடம்.

இது முடியாது என்றால் புறாத்தீவை விட்டுவிட்டு, கோணேஸ்வரமும் கன்னியாவும் பார்த்து வாருங்கள். நானும் பஸ்ஸில் வருகிறேன், பிள்ளைகளை எண்ணி ஏற்றுகிறேன். ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் வுளூச் செய்யத் தண்ணீரை அளவாகவே எடு என்று ஓதப்பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நிறைய இருக்கிற தண்ணீருக்கே அளவு சொன்னார்கள் என்றால், 200 மீற்றர் தீவுக்கு அளவு வேண்டாமா?

வருகிற சனிக்கிழமை, சுபஹ் தொழுகை முடிந்து ஐந்தரைக்கு, கசூரினாவுக்கு வெளிக்கிடுகிறேன். முதல் பத்துப் பெடியன்களின் பெயர் வேண்டும். அதற்கு அடுத்த கிழமை பெண்பிள்ளைகள். காசு வேண்டாம், துவாயும் சாப்பாடும் போதும். இரவு எட்டு மணிக்கு எடுத்த அம்மாவின் மகனுடைய பெயரை நானே முதலாவதாக எழுதிவிட்டேன்.