குளத்துக்கு ஏன் நதி என்று பெயர்?

மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயில் தெப்பக்குளத்தை ஊரார் ஹரித்ரா நதி என்பார்கள். அதன் கரையோரமாகப் பள்ளிக்குப் போகிற மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு, 'இது குளம்தானே, ஏன் நதி என்கிறார்கள்?' என்று தோன்றாமல் இருக்காது. அந்தக் கேள்வியை எந்தப் பாடவேளையில் கேட்பது?

கேட்க விட்டால் அது எங்கெல்லாமோ கூட்டிப் போகும். ஹரித்ரா என்றால் மஞ்சள். அங்கே கோபியர் நீராடிய கதை தொடங்கும். பரப்பு சுமார் 23 ஏக்கர். வீட்டில் தாத்தாவோ மா, வேலி என்றுதான் கணக்குச் சொல்வார். ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. குளம் மூன்றரை வேலிக்குச் சற்றுக் குறைவு என்று குழந்தை தானே போட்டுப் பார்த்துவிடும். 'நம் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டால் பாமணி ஆறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பு, வெண்ணாறு, கல்லணை, மேட்டூர் என்று வரைபடம் மேற்கே நீளும். 2021இல் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்றும் கல்லணையை 16 அன்றும் திறந்தார்கள். 2024இல் மேட்டூர் திறக்க ஜூலை 28 ஆயிற்று. அந்த ஆண்டு குறுவை என்னவாயிற்று என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வந்தால் அதைவிட நல்ல கட்டுரைப் பயிற்சி வேறில்லை.

குழந்தையை மையமாக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் பெரிய மாற்றம். ஆசிரியர் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்றல் ஏணியின் படிகளில் ஏறியது. ஆனால் பாடத்துக்கு ஓர் ஏணி என்றே இருந்தது. சென்னைக்கும் மன்னார்குடிக்கும் ஒரே பாட அட்டை. கேள்வி அட்டையிலிருந்து வந்தது, குழந்தையிடமிருந்து வரவில்லை. இன்றைய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளுக்கும் இதே குறை நேரலாம். எழுதப் படிக்கத் தெரிவது முதல் படி. எதற்காகப் படிக்கிறோம் என்பதைக் குழந்தைக்கு அதன் கேள்விதான் சொல்லும்.

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடமும் நடத்துகிறார். பாடங்களைச் சேர்த்து நடத்த இதைவிட வசதி வேறென்ன? அவருக்கு இல்லாதது நேரமும் நம்பிக்கையும்தான். பதிவேடுகளும் இணையப் பதிவேற்றங்களும் விழுங்குகிற நேரத்தில் பருவத்துக்கு ஒரு வாரத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வாரம் என்ன கேள்வி என்பதை வகுப்பு முடிவு செய்யட்டும். பள்ளி திறப்பதும் ஆற்றில் தண்ணீர் வருவதும் நம் ஊரில் வழக்கமாக ஜூன் மாதத்தில்தான். முதல் கேள்வியை அங்கேயே தொடங்கலாம்.