விற்றவனுக்கு விமோசனம் உண்டா?

தமிழ்த் திரையில் குற்றக் கதைகளின் வரலாற்றை எழுதப் புகும் எவரும், காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், 'நாம் இருவர்' முதலிய படங்களை எடுத்த தமது தேவகோட்டை ரஸ்தா ஸ்டுடியோவை 1948இல் கோடம்பாக்கத்துக்குப் பெயர்த்துச் சென்ற பிறகு, 1954இல் எஸ். பாலசந்தரின் இயக்கத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் தயாரித்தளித்த 'அந்த நாள்' படத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. தன் அறிவுக்கு மதிப்பளிக்காத தேசத்தின்மீது மூண்ட துவேஷத்தால் ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்கத் துணியும் ராஜனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். அந்த ராஜன் இறுதியில் மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியாலேயே மாண்டு போகிறான். விற்கத் தகாததை விற்றவனுக்கு மரணமே முடிவு என்ற தீர்ப்பை நமது திரை அன்றே எழுதிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதைப் பெரும்பாலும் திருத்தவில்லை.

1987இல் வெளிவந்த 'நாயகன்' படத்தின் வேலு நாயக்கர் சட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டு வெளியே வந்ததும் சுடப்பட்டு வீழ்கிறார். 2018இல் வந்த 'கோலமாவு கோகிலா'வில் தாயின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கொக்கெய்ன் கடத்தும் பெண்ணின் கதை பரிகாசமாகவே நடந்து பரிகாசமாகவே முடிகிறது. பச்சாத்தாபத்துக்கு அங்கே வேலையில்லை. மறு ஆண்டு வந்த 'கைதி'யிலோ, பத்தாண்டு சிறையிருந்து, பார்த்தேயிராத மகளைக் காணப் புறப்படும் டில்லிக்கு விமோசனம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படத்தில் போதைச் சரக்கு அவனுடைய பகைவர்களுடையதே தவிர அவனுடையதன்று. கொலை செய்தவனை மன்னிக்க நமது கதாசிரியர்கள் அஞ்சுவதில்லை. பொட்டலம் விற்றவனிடம் மட்டும் ஏனோ அவர்களுடைய கருணை வற்றிவிடுகிறது.

இந்தக் குறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, பால் ஷ்ரேடர் எழுதி இயக்கி 1992இல் வெளிவந்த 'லைட் ஸ்லீப்பர்' என்ற அமெரிக்கப் படம். கட்டுப்பாடு மிகுந்த கால்வினியக் குடும்பத்தில், பதினெட்டு வயதை நெருங்கும் மட்டும் சினிமாவையே பாராமல் வளர்ந்த ஷ்ரேடர், பாவம், மீட்பு என்ற இரண்டையும் விட்டு வேறெதையும் நெடுநேரம் எண்ண இயலாத ஸ்வபாவம் உடையவர். நாற்பது வயதை எட்டிய, தூக்கம் வாராத, தானே போதைக்கு அடிமையாயிருந்து அதை விட்டொழித்த ஒருவன், துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் குப்பை மூட்டைகள் மலிந்து கிடக்கும் நியூயார்க் வீதிகளில் இரவெல்லாம் காரில் சுற்றி, பணக்கார வீடுகளின் வாசலில் சரக்கைச் சேர்த்துவிட்டு, விடியும்போது தன் அறைக்குத் திரும்பி நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறான். வில்லெம் டஃபோ நடித்த இந்த ஜான் லெட்டூர் கொடியவனல்லன், வீரனும் அல்லன். வேறு தொழில் தெரியாத ஒரு கூலியாள், அவ்வளவே.

படத்தின் சிக்கல் போலீசாரால் வருவதன்று. சூசன் சரண்டன் நடித்த முதலாளியம்மாள், இனி இந்த வியாபாரம் போதுமென்று முடிவுகட்டி, வாசனைத் திரவியங்களும் முகப்பூச்சுகளும் விற்கும் கௌரவமான தொழிலுக்கு மாறப் போகிறாள். அவளிடம் முதல் இருக்கிறது. ஆகையால் அவளுக்கு ஞானோதயம் சுலபமாயிருக்கிறது. லெட்டூரிடம் என்ன இருக்கிறது? செட்டிநாட்டார்க்கு இது புரியாத விஷயமன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்றாண்டுத் தவணையில் வட்டிக்கடை அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் கப்பலேறிய நம் வீட்டுப் பையன்கள், முதலாளி கடையைக் கட்டியபோதும், 1942இல் ஜப்பானியர் ரங்கூனில் புகுந்தபோதும், எந்த நிலையில் ஊர் திரும்பினார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். லெட்டூரும் ஓர் அடுத்தாள்தான். வித்தியாசம் ஒன்று உண்டு: நம் அடுத்தாளுக்குத் திரும்பி வர ஓர் ஊரும், நகரக் கோயிலும், பந்தி போடும் பங்காளி வீடும் இருந்தன.

இந்த இடத்தில் நமக்கு இனிக்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கல்கத்தாவில் ஆங்கில சர்க்காரே அபினியை ஏலம் போட்டு விற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டில், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்த நம்மவர் கிட்டங்கிகளிலிருந்து புறப்பட்ட கடன் பணத்தில் அபினி வியாபாரிகளுக்குச் சென்ற பங்கும் இருந்தது. அன்று அது சட்டத்துக்கு உட்பட்ட வர்த்தகம். யாரும் இரவில் விழித்திருந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை. முதல் போடுகிறவனைத் தொடாமல் மூட்டை சுமக்கிறவனையே மனச்சாட்சி தேடிப் பிடிப்பது நியூயார்க்கின் புதுமையன்று.

மீட்பைப் பற்றிய கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமுமில்லை. வணிகராயிருந்து அனைத்தையும் துறந்த பட்டினத்தாராக 1962இலும், கோபுரத்திலிருந்து குதித்து முருகனால் தாங்கப்பட்ட அருணகிரிநாதராக 1964இலும் டி.எம். சௌந்தரராஜனே திரையில் தோன்றியிருக்கிறார். ஆனால் அவ்விருவருக்கும் அருள் ஒரு க்ஷணத்தில் வந்து சேர்ந்தது. லெட்டூரைப் போன்றவனுக்கு அது நாள்தோறும் கொஞ்சமாக, சில்லறையாகவே வரக்கூடும். ஷ்ரேடரே கடைசியில் பொறுமையிழந்து அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறார். முன்னாள் மனைவியின் மரணத்துக்குக் காரணமானவனைக் கொன்று லெட்டூர் சிறை செல்கிறான். அத்தனை நேர்த்தியாகக் கட்டிய கதையில் அந்தத் துப்பாக்கிச் சண்டை மட்டும் கடன் வாங்கியது என்பதே என் அபிப்பிராயம். அதற்குப் பின், சிறைக்கு வந்த முதலாளியம்மாளின் கையை அவன் பற்றிக்கொள்ளும் காட்சி, பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோனின் 1959ஆம் ஆண்டுப் படமான 'பிக்பாக்கெட்'டின் முடிவை அடியொற்றியது. படம் தன் நிதானத்துக்குத் திரும்புவது அங்கேதான்.

நமது சட்டமும் சினிமாவைவிடத் தாராளமானது என்று சொல்வதற்கில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், தானாகவே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு, உபயோகித்த குற்றத்திலிருந்தோ சிறு அளவு சம்பந்தப்பட்ட குற்றத்திலிருந்தோ பாதுகாப்பளிக்க 64ஏ பிரிவு உண்டு. கஞ்சாவானால் அந்தச் சிறு அளவு ஒரு கிலோ. அதைத் தாண்டிக் கைமாற்றியவனுக்கோ, உள்ளதை உள்ளபடி சாட்சி சொன்னால் அரசு மன்னிப்பளிக்கலாம் என்னும் 64ஆம் பிரிவைத் தவிர வேறு வாசல் அரிது. இருபது கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. காட்டிக் கொடுப்பது விசாரணைக்கு உபகாரமாகலாம். அதைப் பிராயச்சித்தம் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. முதலாளிகள் அகப்படாமலிருக்க, இராமநாதபுரத்துக் கடற்கரை நோக்கிச் செல்லும் மூட்டையோடு பிடிபடும் இருபது வயதுக் குருவியின் முகத்தையே நாம் செய்தித்தாளில் பார்க்கிறோம். முப்பது வயதில் அவன் வெளியே வருவதை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை, எந்தக் காமிராவும் படமெடுப்பதில்லை. வந்த மறுநாள் அவன் எந்தத் தெருவில் யார் வீட்டை வாடகைக்குக் கேட்பான், எந்தக் கடைக்காரர் அவனைக் கல்லாவுக்கருகில் நிற்க விடுவார், அவன் தங்கைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் தாய் என்ன சொல்லி வைப்பாள் என்பதையெல்லாம் கதையாக எழுத ஒருவர் முன்வந்தால், இரண்டரை மணி நேரத்துக்குத் தேவையான சங்கடம் அதிலேயே உண்டு; துப்பாக்கி ஒன்றுகூட வேண்டியிராது.